துரைக்குக் கசக்காத கை

என் தங்கை மகன் கேட்டரிங் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு மயிலத்துக்கு வந்தவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைத் தட்டு, அதில் உருளை உருளையாகக் கோழிக்கறி, ஒவ்வொரு உருளையின் மேலும் சிவந்து சுருண்ட பன்றிக்கறித் துண்டு, பக்கத்தில் வெண்ணெய் நிறத்தில் குழைவாக ஒரு சாறு. "புது ஐட்டம் மாமா. பேக்கன்ல சுத்தின சிக்கன். வெள்ளக்காரங்க வந்தா இத்தான் கேக்கறாங்க. செஃப் எனக்குத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபமும் வந்தது. அவன்மேல் இல்லை. நான் சொன்னேன்: "டே நைனா, இத உன் கொள்ளுத்தாத்தா மதராஸ் பங்களாவுல செஞ்சிருக்காருடா. நம்ம காலனியிலயே செஞ்சி எனக்குக் குடுத்திருக்காரு."

அவன் நம்பவில்லை. அவன் படித்த புத்தகத்தில் அது இல்லை. இருக்கவும் இருக்காது. இந்தக் கட்டுரை அவனுக்காகத்தான்.

எங்கள் தாத்தாவை ஊர்த்தெருவில் பேர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். சேரியில் 'பட்லரு' என்பார்கள். பதினாலு பதினஞ்சு வயசில் மயிலம் ஸ்டேஷனில் ரயிலேறி மதராசுக்குப் போனவர். முதலில் மேட்டி, அதாவது பாத்திரம் கழுவி, கரி ஊதி, பட்லருக்குக் கையாளாக இருக்கிற பையன். பிறகு சமையல்காரர். கடைசியில் பட்லர். 1947இல் துரை கப்பல் ஏறியபோது தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். பெட்டியில் இரண்டு கோட்டு, ஒரு சவரக் கத்தி, ஒரு கட்டுக் காகிதம். அந்தக் காகிதங்கள் துரைமார்கள் எழுதிக் கொடுத்த நடத்தைச் சான்றுகள். 'சிட்டு' என்பார் தாத்தா. ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரையிடம் போவதற்கு அந்தச் சிட்டுதான் பாஸ்போர்ட். 'நேர்மையானவன், குடிக்காதவன், புட்டிங் நன்றாகச் செய்வான்' என்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதியிருக்கும். தாத்தாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவரைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டது அவ்வளவுதான். அதுவும் கறையான் தின்று போயிற்று.

நம்முடைய வரலாறு இப்படித்தான் இருக்கிறது. அடுத்தவன் எழுதிய சிட்டு, அதையும் கறையான் தின்றுவிட்டது.

நம் ஆட்கள் எப்படித் துரைமார் அடுப்பங்கரைக்குள் போனார்கள்? இதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டில் வாழ்ந்து இங்குள்ள சாதிப் பழக்கங்களை எழுதியவர். வெள்ளைக்காரர்கள் மாட்டிறைச்சி தின்றார்கள். அவர்களுக்குச் சமைக்கவும், பூட்ஸ் கழற்றவும் மற்ற சாதியார் வரமாட்டார்கள். எனவே பறையர்களையே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனாலேயே மேல்சாதியார் வெள்ளைக்காரர்களையும் இழிவாக நினைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். தீட்டு எவ்வளவு வலுவானது பாருங்கள், ஆளுகிறவனையும் போய் ஒட்டிக்கொண்டது! ஆனால் வெளியில் துரையிடம் கைகட்டி நின்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தார்களே தவிர, துரையின் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போகாமல் இருக்க முடியாத நிலைமை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லை, குடியிருக்கும் மனை சொந்தமில்லை, பண்ணையாளாகக் கடனில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது அதன் பின்னால்தான். செங்கல்பட்டுக்கு அடுத்த தென்னார்க்காடும் அப்படித்தான். திண்டிவனம், மயிலம் பக்கத்துச் சேரிகளில் 1876 - 78 பஞ்சம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதே 1870களின் பிற்பகுதியில் ரயில்பாதையும் வந்தது. பண்ணையில் அடி வாங்குவதா, பங்களாவில் அதட்டல் வாங்குவதா? அதட்டலுக்கு மாதச் சம்பளம் உண்டு. ரயிலேறினார்கள். மதராசுக்குப் போனவர்கள் சிலர், புதுச்சேரிக்குப் போனவர்கள் சிலர். புதுச்சேரிப் பக்கம் இன்றும் சமையற்கட்டைக் 'குசினி' என்பார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். சொல் தங்கிவிட்டது, அதில் வெந்து போன ஆட்களின் பேர் தங்கவில்லை.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். 1878இல் மதராஸ் ஹிக்கின்பாதம்ஸ் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் கர்னல் கென்னி ஹெர்பர்ட் என்கிற பட்டாளத்துக்காரர். 'வைவர்ன்' என்று புனைபெயர். இன்றைக்கும் உணவு வரலாறு எழுதுகிறவர்கள் கொண்டாடுகிற புத்தகம் அது. அதில் சமையல்காரருக்கு ஒரே ஒரு பேர்தான்: ராமசாமி. யார் வீட்டுச் சமையல்காரரானாலும் ராமசாமி. ராமசாமி இப்படிச் செய்வான், ராமசாமிக்கு இது புரியாது, ராமசாமியைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடு. ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே பேரில் கட்டி மூலையில் போட்டாயிற்று. அந்த மனிதரை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். இந்தியாவில் துரைமார் வீட்டுச் சமையற்கட்டு இருட்டும் புகையும் அழுக்குமாக இருப்பதற்கு, அப்படிக் கட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத எஜமானர்களும் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஓய்வு பெற்று லண்டனுக்குப் போன கர்னல் அங்கே சமையல் பள்ளி நடத்தினார். அவர் சொன்னதையெல்லாம் மதராஸ் வெக்கையில் செய்து காட்டிய ராமசாமிகள் பள்ளி நடத்தவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை.

இப்போது அந்தப் பண்டத்துக்கு வருவோம். தாத்தா சொன்னதை நான் கேட்டபடி எழுதுகிறேன்.

கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு கிடையாது. நெருப்பில் வைத்தால் வறண்டு நார் நாராகப் போய்விடும். நம் ஊர் நாட்டுக்கோழியோ ஓடித் திரிந்து மேய்ந்தது, இன்னும் வறண்டது. வெள்ளைக்காரன் சமையலில் இதற்கு ஒரு வழி உண்டு. கொழுப்பில்லாத கறியின்மேல் பன்றிக் கொழுப்பைச் சுற்றிக் கட்டுவது. நெருப்பில் கொழுப்பு உருகி உள்ளே இறங்கும், கோழி காயாது. பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை உப்பிலே ஊறவைத்துப் புகை போட்டு எடுத்தால் அதுதான் பேக்கன். அந்தக் காலத்தில் அது தகர டப்பாவில் அடைத்துச் சீமையிலிருந்து கப்பலில் வரும்.

"நெஞ்சுக்கறிய அம்மிக் கொழவியால நோவாம தட்டணும். மெளகு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சம் தோலு. சுருட்டி, மேல பேக்கனச் சுத்தி, நூலால கட்டு. கட்டும்போது பேக்கன இழுத்து வுடு, இல்லன்னா சூட்டுல சுருங்கி அவுந்துக்கும்" என்பார் தாத்தா. ஓவன் எங்கே? தவலையின் அடியில் மணல் பரப்பி, மேலே மூடியில் கரி நெருப்பு, கீழேயும் கரி நெருப்பு. எவ்வளவு சூடு என்று காட்டக் கருவி கிடையாது. மூடிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணுவார். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறதோ அதுதான் கணக்கு. அந்தக் கையைத்தான் தீட்டு என்றார்கள்.

அந்தக் குழைவான சாறு இருக்கிறதே, மயோனைஸ், அதுதான் பெரிய பரீட்சை. முட்டை மஞ்சள் கருவில் கடுகுத்தூளும் உப்பும் போட்டு அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எண்ணெயும் காடியும் ஒன்றோடொன்று சேராத சாதி. மஞ்சள் கருவில் இருக்கிற ஒரு பொருள் இரண்டையும் பிடித்துச் சேர்த்து வைக்கிறது. அவசரப்பட்டு எண்ணெயைக் கொட்டினால் திரிந்துபோகும். மதராஸ் வெயிலில் இன்னும் சீக்கிரம் திரியும். அதனால் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரிலோ ஐஸிலோ வைத்து அடிப்பார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842இல் மதராஸ் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது, இப்போது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் துரையின் தட்டுக்குப் போனபோது அதைச் சுமந்தவன் கையில் மிஞ்சியது ஈரம்தான்.

திரிந்துபோனால்? "இன்னொரு மஞ்சக்கருவ எடுத்து, திரிஞ்சத அதுல சொட்டுச் சொட்டா வுட்டு அடி. சேந்துக்கும். திரிஞ்சி போனத தூக்கிப் போடறது துர புத்தி. காப்பாத்தறது நம்ப புத்தி" என்பார்.

எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. எங்கள் பூமி மல்லாட்டை பூமி. தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறிப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940இல் வந்த டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை ரகத்தின் பேரில் இருப்பதே திண்டிவனம்தான். அந்தக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கியதும், ஆய்ந்ததும் நம் பெண்கள். எங்கள் ஆயா மல்லாட்டை ஆய்ந்த கூலியில் வாங்கிய எண்ணெயில், தாத்தா மயோனைஸ் அடித்தார். ரகத்துக்கு ஊர்ப் பேர் கிடைத்தது. ஆய்ந்த கைக்கு மரக்கால் கூலி.

ஆமாம், அதைக் காலனியிலேயே செய்தார். காட்டேரிப் படையலுக்குப் பன்னி வெட்டிய சமயம். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு. வயிற்றுப் பக்கத்துக் கறியை வாங்கி, உப்பும் மிளகும் துளி வெல்லமும் தேய்த்து மூன்று நாள் பானையில் வைத்தார். பிறகு அடுப்புக்கு மேலே, நாம் உப்புக்கண்டம் கட்டித் தொங்கவிடுகிற அதே கயிற்றில் தொங்கவிட்டுப் புகை காட்டினார். ஆயா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தயா பத்து வருசம் மதராசுல கத்துக்கினு வந்த? இது நம்ம உப்புக்கண்டம்யா! மாட்டுக்குப் பதிலு பன்னி, அவ்ளோதான்!"

ஆயா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சேரிப் பானையில் தொங்கினால் அது உப்புக்கண்டம், இழிவு, நாற்றம், ஊர்த்தெருக்காரன் மூக்கைப் பிடிப்பான். சீமை டப்பாவில் வந்தால் பேக்கன், நாகரிகம், தட்டுக்கு இத்தனை ரூபாய். கறி ஒன்றுதான், உப்பு ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். தின்கிறவன் யார் என்பதை வைத்துத்தான் பண்டத்துக்கு மானமும் அவமானமும்.

எப்போதும் இப்படி இருந்ததா? எங்கள் பகுதிக்குச் சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று பேர். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் பாணன் வழிநெடுகச் சாப்பிட்டுக்கொண்டே போகிறான். கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் வேட்டைக்குடியினர் தரும் புளிச்சோறும் காட்டுமாட்டு இறைச்சியும், ஆமூரில் உழவர் தரும் வெண்சோறும் நண்டும். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. பக்கத்துத் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலோ, கள் அடும் வீட்டில் பன்றியைக் குழியில் அடைத்து மாவு ஊட்டிக் கொழுக்க வைத்து விருந்தாளிக்குக் கறி போடுகிறார்கள். கொழுப்பின் அருமை அன்றே தெரிந்திருக்கிறது. அதே சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு காட்சியும் உண்டு. பாணன் வீட்டில் பட்டினி. மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அடுத்தவர் பார்த்துப் புறம்பேசுவார்களே என்று கதவை அடைத்துவிட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது. இதைப் பாடம் நடத்துகிற புலவர்கள் உவமை நயம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கதவை அடைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பழகிய நமக்குத்தான் அது எந்த இடத்தில் குத்துகிறது என்று தெரியும்.

பிறகு 'சைவம்' என்ற மதத்தின் பேரே மரக்கறிக்குப் பேராகிவிட்டது. ஆனால் அந்தச் சைவத்தின் பெரியபுராணத்திலேயே கண்ணப்பன் காட்டுப்பன்றிக் கறியைச் சுட்டு, வாயில் போட்டுப் பதம் பார்த்துச் சிவனுக்கு ஊட்டுகிறான். சிவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே புராணத்தில் ஆதனூர் நந்தனோ சிதம்பரம் கோயிலுக்குள் போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பன்றிக்கறி உள்ளே போயிற்று, பறையன் போக முடியவில்லை. அப்படியானால் பிரச்சினை கறியில் இல்லை. 'நீங்க கண்டதத் தின்றீங்க, அதான் தள்ளி வச்சோம்' என்பது பின்னால் சொன்ன சாக்கு.

பட்லர் வேலையைப் பற்றி நம்மவர்களுக்கே ஒரு கூச்சம் உண்டு. 'எச்சில் தட்டு கழுவிய பரம்பரை' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் தாத்தா பட்லர் என்பதை 'மதராசில் வேலை பார்த்தார்' என்று மாற்றிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிக் கூச்சப்படுகிறவர்கள் அயோத்திதாசப் பண்டிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1845இல் பிறந்து, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கியவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லர். தம் வீட்டில் பரம்பரையாகக் காப்பாற்றி வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் துரை மூலமாக எல்லீசிடம் சேர்த்தார், அது அச்சுக்குப் போயிற்று என்று பண்டிதர் எழுதினார். குறள் முதலில் அச்சானது 1812இல். தமிழர்கள் தலையில் வைத்து ஆடுகிற நூலின் அச்சு வரலாற்றில் ஒரு பட்லரின் கை இருக்கிறது. எத்தனை பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது? எல்லீஸ் இருப்பார், பதிப்பித்தவர் இருப்பார், கந்தப்பன் இருக்கமாட்டார். அவரும் ஒரு ராமசாமிதானே!

தமிழ்நாட்டில் சோற்றுப் பந்தியை வைத்து நடந்த சண்டைகள் வரலாற்றில் இருக்கின்றன. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்த போராட்டம், ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் 1940களின் தொடக்கம் வரை பிராமணருக்குத் தனி இடம் இருந்ததை எதிர்த்த போராட்டம். நியாயமான போராட்டங்கள். நாமும் அவற்றைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பந்தியில் எங்களுக்கு இலை எங்கே என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. எங்களோடு உட்காருவது இருக்கட்டும், எங்கள் கையால் ஆக்கியதைத் தின்பீர்களா?

இது பழங்கதை இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்தவர் அருந்ததியப் பெண் என்பதற்காக, மேல்சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள். கண்டனம் எழுந்த பிறகுதான் அது ரத்தானது, வழக்கும் பதிவானது. பிள்ளைகளுக்குப் போடப்போவது பன்றியும் இல்லை, மாடும் இல்லை. அரிசிச் சோறு, சாம்பார், முட்டை. 'கண்டதத் தின்றீங்க' என்கிற சாக்குகூட அங்கே செல்லாது. கை மட்டும்தான் பிரச்சினை. நூறு வருஷத்துக்கும் மேல் ஆண்ட துரைக்குக் கசக்காத கை, கவர்னர்களுக்கும் கலெக்டர்களுக்கும் விருந்து ஆக்கிய கை, இங்கே ஐந்து வயசுக் குழந்தைக்குக் கசக்கும் என்று பெற்றவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

துரை நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. நம் கையால் தின்றவன் நமக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டேதான் பரிமாறினார்கள். மிச்சத்தைத்தான் தின்றார்கள். பசிக்கு அவனிடம் போனார்கள், அவன் தேவைக்கு நம்மை வைத்துக்கொண்டான். ஆனாலும் அந்த வேலையில் ஒரு படிப்பு இருந்தது. அளவு, நேரம், சூடு, சுத்தம், இன்னொரு மொழி. 'பட்லர் இங்கிலீஷ்' என்று இன்றும் கேலி செய்கிறார்களே, பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாதவர்கள் காதால் மட்டுமே கேட்டு உண்டாக்கிக்கொண்ட மொழி அது. கேலி செய்கிறவர்கள் காதால் மட்டும் கேட்டு ஒரு மொழியைப் பேசிக் காட்டட்டும். அந்தச் சம்பளத்தில் மனை வாங்கியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. என் நைனா எட்டாவது வரை படித்தார். நான் எழுதுகிறேன். இரண்டும் தாத்தாவின் உள்ளங்கை கணக்கிலிருந்து வந்தவை.

அன்றைக்குத் தாத்தா செய்ததை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். மேலே கொழுப்பு மொறுமொறுவென்று, உள்ளே கோழி பஞ்சு மாதிரி. அந்த வெள்ளைச் சாற்றில் ஆயா இரண்டு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். "இப்பதான் வாயிக்கு ஒணக்கையா கீது" என்றாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நின்று பரிமாறியே பழகியவர், அன்றைக்கும் நின்றுகொண்டே இருந்தார். ஆயாதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "குந்து, துர மாதிரி நீயும் துண்ணு" என்றாள்.

தங்கை மகனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். அந்த ஓட்டலில் யாராவது 'இது எங்கே கத்துக்கிட்ட?' என்று கேட்டால், காலேஜ் பேரைச் சொல், செஃப் பேரைச் சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே 'எங்க கொள்ளுத்தாத்தா மதராசுல பட்லரா இருந்தாரு, மயிலம் பக்கத்துச் சேரி' என்பதையும் தலையை நிமிர்த்திச் சொல். சேரி என்றே சொல். நம் வீடுகளில் இன்னும் இப்படிப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். ராமசாமி என்று ஒரு ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் இருந்தது.